‘டோசைல்’ என்ற சொல்லை இடமறிந்து பயன்படுத்துங்கள்

ஆங்கிலத்தில் அடங்கி நடப்பவரைக் குறிக்கும் ‘டோசைல்’ என்ற சொல், ‘கற்பித்தல்’ என்று பொருள்படும் ‘டொக்கேரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, எளிதில் கற்றுக்கொள்ளக்கூடியவர் என்பதே அதன் பொருளாக இருந்தது. சொன்னதைக் கேட்டுப் பழகுபவரை எளிதில் வழிநடத்தவும் முடியும் என்பதால், 18-ஆம் நூற்றாண்டுக்குள் ‘பணிந்துபோகிறவர்’ என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது. இன்று நிலைத்திருப்பது அதுதான். முதலில் ஆசிரியரைக் குறித்த ‘டாக்டர்’, பாடம் என்ற பொருளில் தொடங்கிய ‘டாக்குமென்ட்’ ஆகியவையும் இதே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இச்சொல் எளிதில் மறக்காது.

பசுவையோ குதிரையையோ ‘டோசைல்’ என்றால், நாம் ‘சாதுவான மாடு’ என்பதைப் போல அது பாராட்டாகவே அமையும். ஆனால் ஓர் ஊழியரைப் பற்றிய பரிந்துரைக் கடிதத்தில் அதையே எழுதினால், சுயமாகச் சிந்திக்காமல் தலையாட்டுபவர் என்ற தொனி வந்துவிடக்கூடும். கீழ்ப்படிதலைச் சொல்ல ‘ஒபீடியன்ட்’, ஒத்துழைப்பைச் சொல்ல ‘கோஆபரேட்டிவ்’ என்று எழுதுவதே, என் கருத்தில், பொருத்தமானது.