ஃபீட் தராத தளத்துக்கு ஃபீட் செய்வது, செய்த நிரலைப் பிறருக்குக் கொடுப்பது

ஒரு தளத்தில் ஃபீட் (புதிய பதிவுகளைப் பட்டியலிடும் கோப்பு; ரீடர் என்ற நிரல் அதைப் படித்துக் காட்டும்) இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் தேடுங்கள். முகப்பில் ஃபீடுக்கான ஆரஞ்சுச் சின்னத்தைக் காணோம் என்பதெல்லாம் ஒரு அடையாளமே இல்லை. பக்கத்தின் மூலத்தைத் திறந்து, ஹெட் பகுதியில் ‘ஆல்டர்னேட்’ என்று குறித்த லிங்க் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வகை ஆர்.எஸ்.எஸ். என்றோ ஆட்டம் (Atom) என்றோ இருந்தால் (இரண்டும் ஃபீட் வடிவங்கள்) வேலை அங்கேயே முடிந்தது. வேர்ட்பிரஸ் தளமானால் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்தாலே பெரும்பாலும் வந்துவிடும். ஒரு பகுப்பின் முகவரியோடு அதையே சேர்த்தால் அந்தப் பகுப்புக்கு மட்டும் தனி ஃபீட். கிட்ஹப்பில் ஒரு திட்டத்தின் ரிலீசஸ் பக்க முகவரியோடு ‘புள்ளி ஆட்டம்’ (.atom) சேர்க்க வேண்டும். யூடியூபில் ஒவ்வொரு சேனலுக்கும் அதன் ஐடியை வைத்து ஒரு ஃபீட் உண்டு.

இதிலெல்லாம் கிடைக்கவில்லையா? உடனே நிரல் எழுத உட்கார வேண்டாம். பி.எச்.பி.யில் எழுதிய ஆர்.எஸ்.எஸ். பிரிட்ஜ், நோட் ஜே.எஸ்.ஸில் ஓடும் ஆர்.எஸ்.எஸ். ஹப் இரண்டிலும் நூற்றுக்கணக்கான தளங்களுக்கு ஏற்கெனவே விதிகள் இருக்கின்றன. ஃப்ரெஷ் ஆர்.எஸ்.எஸ். என்ற ரீடரைப் பயன்படுத்துபவர்கள், பக்கத்தில் எந்தப் பகுதியை எடுப்பது என்று சொல்லும் எக்ஸ்பாத் விதிகளை அந்த ரீடரிலேயே கொடுத்து நேரடியாகப் பக்கத்தைச் சுரண்டிக்கொள்ளலாம்; தனி நிரலே தேவையில்லை.

பக்கத்தை எடுப்பது

சொந்தமாக எழுதத்தான் வேண்டும் என்றானபின், பலரும் முதலில் சறுக்கும் இடம் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ். அதில் ‘இன்ஸ்பெக்ட்’ காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஓடி முடிந்த பிறகான பக்கம். உங்கள் நிரலுக்குக் கிடைக்கப்போவது சர்வர் அனுப்பும் மூலம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதனால் பக்கத்தில் தெரியும் ஒரு தலைப்பை அப்படியே நகலெடுத்து, மூலத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் டேக்குகளைப் பிரித்துப் படிக்கும் சாதாரண எச்.டி.எம்.எல். பார்சர் போதும்.

கிடைக்காவிட்டால் அதே டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஃபெட்ச் வகைக் கோரிக்கைகளை மட்டும் வடிகட்டினால் தலைப்புகளெல்லாம் ஜேசனாக (நிரல்கள் படிப்பதற்கான தரவு வடிவம்) வந்து இறங்குவது தெரியும். அந்த முகவரியை நேரே கூப்பிட்டுக்கொள்ளலாம். இது எச்.டி.எம்.எல்.லைச் சுரண்டுவதைவிட நல்லது. தளத்தின் தோற்றம் மாறினாலும் ஜேசன் அவ்வளவு சீக்கிரம் மாறாது. சில தளங்களில் அதே ஜேசன் பக்க மூலத்திலேயே ஒரு ஸ்கிரிப்ட் டேக்குக்குள் ஒளிந்திருக்கும். திரையில் காட்டாமல் பின்னணியில் பிரவுசரை ஓட்டிப் பக்கத்தை எடுப்பது கடைசி வழி. பத்து வரித் தலைப்புக்காக முழு குரோமியம் பிரவுசரைச் சுமக்க வேண்டிவரும், நிரலைப் பேக்கேஜ் செய்யும்போது அதுவும் கூடவே வரும்.

எதைப் பிடித்துக்கொள்வது

பக்கத்தில் எதை எடுப்பது என்று சொல்லி, தலைப்புகளைப் பொறுக்க எழுதும் செலக்டர்தான் முதலில் உடையும். கிளாஸ் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத ஏழெட்டு எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது தளத்தின் கோப்புகளைத் தொகுக்கும் பில்டு கருவி உருவாக்கியது. அடுத்த முறை தளத்தைப் பில்டு செய்யும்போது மாறிவிடலாம். ‘மூன்றாவது டிவ்வுக்குள் இரண்டாவது’ என்று எண்ணிப் பிடிப்பது அதைவிட மோசம். நடுவில் ஒரு விளம்பரப் பெட்டி வந்தாலே எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

உறுதியாக நிற்பது இணைப்பின் வடிவம். பெரும்பாலான தளங்களில் கட்டுரை முகவரிக்கு ஒரு ஒழுங்கு இருக்கும்: ஆண்டு, மாதம், பிறகு தலைப்பு என்பது போல. பக்கத்திலுள்ள எல்லா ஏ டேக்குகளையும் எடுத்து, அந்த ஒழுங்குக்குப் பொருந்துபவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், தளம் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டாலும் பல நேரங்களில் நிரல் அசையாமல் ஓடும். படத்துக்கு ஒன்றும் தலைப்புக்கு ஒன்றுமாக ஒரே இணைப்பு இருமுறை வரும். எதில் எழுத்து இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். பாதி முகவரியாக இருப்பவற்றை முழு முகவரியாக்கவும் மறக்கக் கூடாது. அப்போது பக்கத்தில் அடிப்படை முகவரியைச் சொல்லும் பேஸ் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

அடையாளமும் தேதியும்

ஃபீட் வேலையில் பாதி இதுதான். ஒரு பதிவைப் புதியதா, ஏற்கெனவே படித்ததா என்று ரீடர் தீர்மானிப்பது ஆர்.எஸ்.எஸ்.ஸில் ஜி.யு.ஐ.டி., ஆட்டத்தில் ஐடி என்ற அடையாளத்தை வைத்துத்தான். இது ஒருமுறை மாறினால் பழைய பதிவுகள் எல்லாம் படிக்காதவையாக மறுபடி வந்து குவியும்.

கட்டுரையின் முகவரியையே அடையாளமாக வைப்பது நல்ல பழக்கம். ஆனால் முதலில் அதைத் துடைக்க வேண்டும்: யு.டி.எம். என்று தொடங்கும் கண்காணிப்பு ஒட்டுகள், கடைசிச் சாய்கோடு, எச்.டி.டி.பி.யா எச்.டி.டி.பி.எஸ்.ஸா என்ற வேறுபாடு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். முகவரி இல்லாத வேறெதையாவது ஆர்.எஸ்.எஸ்.ஸில் அடையாளமாக வைத்தால் ‘பெர்மாலிங்க் (நிலையான முகவரி) அல்ல’ என்று பண்புக்கூறில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் முகவரிதான் என்று ரீடர் எடுத்துக்கொள்ளும். சொடுக்கினால் எங்கும் போகாது.

தலைப்பை ஹேஷ் செய்து (எழுத்துகளிலிருந்து ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு) அடையாளமாக்குவதைத் தவிர்க்கலாம். தளத்தார் எழுத்துப்பிழை திருத்தினால்கூட புதுப் பதிவாகிவிடும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஹேஷ் மட்டும் வேறாகும். வேறு வழியில்லாமல் தலைப்பைப் பயன்படுத்தினால் முதலில் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதிக்கு ஆர்.எஸ்.எஸ். 2.0 கேட்பது பழைய மின்னஞ்சல் வடிவம். கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கங்களாகத்தான் இருக்க வேண்டும். லோகேலை (மொழி, வட்டார அமைப்பை) தமிழுக்கு மாற்றிய நிரலில் சாதாரண தேதி வடிவமைப்பைக் கூப்பிட்டால் மாதம் தமிழில் வந்து ஃபீட் செல்லாததாகிவிடும். பைத்தானில் ஈமெயில் தொகுப்பிலுள்ள ‘ஃபார்மட் டேட்டைம்’ லோகேலைப் பார்ப்பதில்லை; அதைப் பயன்படுத்துங்கள். 2005இல் வந்த ஆட்டம் வரையறையில் (ஆர்.எஃப்.சி. 4287) இந்தத் தொல்லை கிடையாது, தேதி எல்லாம் எண்கள்தான். புதிதாக எழுதுபவர்கள் ஆட்டத்தில் எழுதினால் தலைவலி குறையும். ஆனால் அதில் ஃபீடுக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஐடி, தலைப்பு, புதுப்பித்த நேரம் மூன்றும் கட்டாயம்.

தளத்தில் தேதியே இல்லாவிட்டால்? நிரல் ஓடும் நேரத்தைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாப் பதிவுகளும் ‘இப்போதுதான் வந்தவை’ ஆகிவிடும். அந்த முகவரியை முதன்முதலில் கண்ட நேரத்தை எஸ்.க்யூ.லைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் குறித்து வைத்து, எப்போதும் அதையே கொடுங்கள். ‘மூன்று மணி நேரத்துக்கு முன்’ என்று மட்டும் காட்டும் தளங்களுக்கும் இதே வைத்தியம்.

எழுதி வைப்பது

எக்ஸ்.எம்.எல்.லை ஒருபோதும் சரங்களை ஒட்டித் தயாரிக்காதீர்கள். ஒரு தலைப்பில் வெறும் & குறி வந்தால் போதும், முழு ஃபீடும் படிக்க முடியாமல் போகும். லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் கட்டுப்பாட்டு எழுத்துகளை எல்லா லைப்ரரியும் பார்த்துக்கொள்வதில்லை. எக்ஸ்.எம்.எல். 1.0இல் குறியெண் 32க்குக் கீழே டேப், புதுவரிக்கான இரண்டு எழுத்துகள் தவிர வேறெதுவும் அனுமதி இல்லை. வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கட்டுரைகளில் இவை கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிடும். முன்கூட்டியே வடிகட்டுங்கள்.

சுருக்கத்தை வெட்டும்போது பைட் கணக்கில் வெட்டக் கூடாது. யு.டி.எஃப்.-8இல் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் ஆகிறது. குறியெண் கணக்கில் வெட்டினாலும் ‘கொ’ வெறும் ‘க’வாக நின்றுவிடலாம். சொல் இடைவெளியில் வெட்டுங்கள்.

கோப்பை நேரடியாக அதன் இடத்தில் எழுதாமல், அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதி எழுதிய கோப்பை ரீடர் படித்துவிட்டுப் பிழை காட்டும்.

ஒரு பதிவும் கிடைக்காத ஓட்டத்தில் காலி ஃபீடை எழுதாதீர்கள். பழையதை அப்படியே விட்டு, அதன் தலையில் ‘விதி உடைந்துவிட்டது’ என்று ஒரு பதிவைச் சேருங்கள். அதன் அடையாளத்தில் அன்றைய தேதியைச் சேர்த்துவிட்டால் ஒரு நாளில் ஒரு முறைதான் தலைகாட்டும். லாகில் (நிரலின் பதிவேட்டில்) எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள், ஃபீடைத்தான் தினமும் பார்க்கிறோம்.

தளத்தாரைத் தொல்லை செய்யாமல் இருக்கவும் வழி இருக்கிறது. சென்ற முறை வந்த ஈ-டேகையும் (பக்கத்தின் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) கடைசியாக மாறிய நேரத்தையும் சேமித்து அடுத்த கோரிக்கையில் திருப்பி அனுப்புங்கள். மாற்றம் இல்லையென்றால் பக்கத்தின் உள்ளடக்கம் இல்லாமல் ‘மாறவில்லை’ என்னும் 304 மட்டும் வரும். அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்னும் 429 வந்தால் ‘எவ்வளவு நேரம் கழித்து வா’ என்று பல நேரங்களில் அதிலேயே சொல்லியிருப்பார்கள், கேளுங்கள். தானியங்கி நிரல்கள் எங்கே வரலாம் என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். மணிக்கு ஒரு முறை போதும், அதுவும் சரியாகப் பூஜ்ஜியமாவது நிமிடத்தில் வேண்டாம். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் க்ரானில் உலகம் போட்டிருக்கும் வேலைகளில் பாதி அப்போதுதான் ஓடுகின்றன.

கட்டிக் கொடுப்பது

இனிமேல்தான் வாதம். ஒரு முந்நூறு வரி நிரலுக்கு டாக்கரா (நிரலை அதன் சூழலோடு அடைத்துத் தரும் முறை), ஒற்றைப் பைனரியா (நேரே ஓடும் ஒரே கோப்பு), டிஸ்ட்ரோ பேக்கேஜா (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பின் வழியே தருவது) என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பொதுவான விடை இல்லை. ஆனால் ஃபீட் நிரலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: அதில் எது கெட்டுப்போனாலும் அநேகமாக அது தள விதிதான். ஆகவே விதிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். நிரலை எப்படிக் கட்டினாலும் அந்தக் கோப்பைப் பயனர் வெறும் டெக்ஸ்ட் எடிட்டரில் திருத்த முடிய வேண்டும். இது நடந்துவிட்டால் மீதி வாதத்தின் சூடு பாதி தணிந்துவிடும்.

இன்னொன்று, நிரல் தானே சர்வராக ஓட வேண்டாம். ஃபீடை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் (நிரல் எழுதும் வழக்கமான வெளியீட்டில்) கொட்டிவிட்டு வெளியேறினால் போதும். நியூஸ்போட் ரீடரில் முகவரிக்குப் பதிலாக ‘எக்ஸெக்’ போட்டு அதை நேரே ஓட்டலாம். மற்றவர்கள் க்ரானில் போட்டு ஒரு கோப்பாக்கி, இருக்கும் வெப் சர்வரிலேயே வைத்துக்கொள்வார்கள். போர்ட், லாகின், டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) எல்லாம் பேக்கேஜிலிருந்தே காணாமல் போகும்.

பைத்தானில் எழுதியவர்கள் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவச் சொன்னால் டெபியன் 12 முதல் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்ற பிழைதான் பயனருக்கு வரும். கணினியின் சொந்தப் பைத்தானைக் கெடுக்காமலிருக்கப் போட்ட பூட்டு அது; உடைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாகப் பிப்எக்ஸ் என்ற கருவி ஒவ்வொரு நிரலுக்கும் தனிச் சூழல் அமைத்துக்கொள்ளும். ஒற்றைக் கோப்பு என்றால் அதைவிட எளிய வழி, தேவையான லைப்ரரிகளைக் கோப்பின் தலையிலேயே கமென்ட்டாக எழுதிவிடுவது (பி.இ.பி. 723 சொல்லும் முறை). யூவி (uv) என்ற கருவி அதைப் படித்துத் தேவையானதை இறக்கிக்கொண்டு ஓட்டும். கோப்பு கோப்பாகவே இருக்கிறது, திருத்தவும் முடிகிறது. பைத்தான் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வடிவம் இல்லை.

பைத்தான் நிரலைக் கட்டும் பைஇன்ஸ்டாலர் ஒற்றைக் கோப்பைத் தரும் என்று ஆசைப்படுவார்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன்னைத் தற்காலிக அடைவில் விரித்துக்கொண்டுதான் தொடங்கும். விண்டோஸில் ஆன்ட்டிவைரஸ்கள் அடிக்கடி சந்தேகப்படும். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அந்தந்தக் கணினியிலேயே கட்ட வேண்டும். லினக்ஸில் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை லைப்ரரியின் புதிய பதிப்பு உள்ள கணினியில் கட்டினால் பழைய டிஸ்ட்ரோவில் ஓடாது. கட்டுவதானால் ஆதரிக்க வேண்டியவற்றில் மிகப் பழையதில் கட்டுங்கள்.

ஒற்றைப் பைனரிதான் வேண்டும் என்றால் கோ மொழி அதற்கென்றே அமைந்தது. சி மொழி நிரலை இணைக்கும் சி-கோவை (cgo) அணைத்துவிட்டால் ஒரே கணினியிலிருந்து எல்லா இயங்குதளங்களுக்கும் கட்டலாம். இங்கே காலை வாரிவிடுவது எஸ்.க்யூ.லைட்: கோவிலிருந்து அதை இணைக்கும் புகழ்பெற்ற டிரைவர் சி-கோவைக் கேட்கும். முழுக்கக் கோ மொழியிலேயே எழுதிய டிரைவரும் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது பார்த்த முகவரிகளை ஒரு ஜேசன் கோப்பில் வைத்தாலும் சில ஆயிரம் பதிவுகளுக்கு ஒன்றும் குறையாது.

டாக்கர், ஏற்கெனவே டாக்கர் ஓட்டுபவர்களுக்கு வசதி, மற்றவர்களுக்குச் சுமை. காலியான ‘ஸ்கிராட்ச்’ இமேஜில் (டாக்கர் ஓட்டும் பொதியில்) பைனரியை மட்டும் போட்டால் சிறியதாக இருக்கும், ஆனால் முதல் கோரிக்கையிலேயே ‘சான்றிதழை யார் கையெழுத்திட்டார் என்று தெரியவில்லை’ என்று விழும். அதில் தளங்களை நம்பலாமா என்று சரிபார்க்கும் சி.ஏ. சான்றிதழ்கள் இல்லை, நேர மண்டலத் தரவும் இல்லை. இரண்டையும் நகலெடுத்து வைக்க வேண்டும். பைத்தானுக்கு ஆல்பைன் இமேஜைவிட டெபியனின் ஸ்லிம் இமேஜ் பாதுகாப்பு. ஆல்பைன் ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் லைப்ரரியில் ஓடுவதால், அதற்கேற்ற வீல் (முன்கூட்டியே கட்டிய பொதி) இல்லாத லைப்ரரிகளை அங்கேயே கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடும். ‘பார்த்த முகவரிகள்’ கோப்பை வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே நிலைத்திருக்கும் சேமிப்பிடத்தில்) வைக்காவிட்டால் கன்டெய்னரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாத் தேதிகளும் புதிதாகும்.

டிஸ்ட்ரோ பேக்கேஜ் நல்ல கனவு. ஆனால் டெபியன் ஸ்டேபிள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியாகிறது. இடையில் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும் பிழைத் திருத்தங்களும் மட்டுமே உள்ளே போகும். தள விதிகள் அத்தனை காலம் தாங்காது. இயந்திரத்தை மட்டும் டிஸ்ட்ரோவுக்குக் கொடுத்து விதிகளைத் தனியே வெளியிடுவதானால் சரி.

எந்த வடிவமானாலும் பயனர் க்ரானில் மாட்டும்போது இரண்டு இடத்தில் விழுவார். க்ரானின் பாத் (PATH, நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகக் குறுகியது, அதனால் நிரலின் முழுப் பாதையைக் கொடுக்கச் சொல்லுங்கள். க்ரான் வரியில் % குறி வந்தால் அது புதுவரியாகிவிடும். தமிழ் முகவரிகளில் அந்தக் குறி நிறைய வரும் என்பதால் அதற்கு முன் பின்சாய்கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் முகவரியை விதிக் கோப்புக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்.