கலப்பிரிவும் புற்றுநோயும்: வகுப்பிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கலங்கள் வேகமாகப் பிரிவதே புற்றுநோய்." உயர்தர உயிரியல் விடைத்தாளிலும் இந்த வரி வரும், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவர் தரும் விளக்கத்திலும் வரும். மற்றப் பிழைகள் பலவற்றுக்கு மூலமும் இதுதான்.

வேகத்தைப் பார்த்தால், நமது சிறுகுடலின் உட்படை 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. என்புமச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பில்லியன் செங்குழியங்களை ஆக்குகிறது. பல புற்றுக் கட்டிகள் இவற்றைவிட மெதுவாகவே வளர்கின்றன. குடலில் பிறக்கும் கலங்களும் இறக்கும் கலங்களும் சமமாக இருப்பதால் அங்கே கட்டி உண்டாவதில்லை. புற்றுக்கலமோ பிரியச் சொல்லும் சைகை வராதபோதும் பிரிகிறது, நிறுத்தச் சொன்னாலும் நிற்பதில்லை, பழுதடைந்த பின் சாக வேண்டிய வேளையில் சாகாமல் இருக்கிறது. விடை எழுதும்போது "கட்டுப்பாடற்ற பிரிவு" என்று எழுதுங்கள். எந்தக் கட்டுப்பாடு, கலவட்டத்தின் எந்த அவத்தையில் (கட்டத்தில்) போனது என்பதையும் சேர்த்தால்தான் அது விளக்கமாகும்.

அடுத்த தவறு, ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைப்பட்ட காலமான இடையவத்தையை "ஓய்வு அவத்தை" என்பது. வளர்ப்பு ஊடகத்தில் 24 மணித்தியாலத்தில் ஒரு வட்டத்தை முடிக்கும் மனிதக் கலத்தை எடுத்துக்கொள்வோம். கலம் வளரும் ஜி1 சுமார் 11 மணித்தியாலம், டி.என்.ஏ. படியெடுக்கப்படும் எஸ் 8, பிரிவுக்குத் தயாராகும் ஜி2 4, கண்ணுக்குத் தெரியும் பிரிவு வெறும் 1. புற்றுநோயின் கதை பெரும்பாலும் இடையவத்தையான அந்த 23 மணித்தியாலத்துக்குள்தான் தொடங்குகிறது. எஸ் அவத்தையில் டி.என்.ஏ.யின் எழுத்துகள் போன்ற 6 பில்லியனுக்கும் மேற்பட்ட மூலச் சோடிகள் படியெடுக்கப்படுகின்றன. படியெடுக்கும் நொதியம் ஏறத்தாழ ஒரு இலட்சம் மூலங்களுக்கு ஒரு பிழை விடும். அதுவே திரும்பிப் பார்த்துத் திருத்தும். அதற்குப் பிறகும் தப்பிய பிழைகளை வேறு புரதங்கள் பிடிக்கும். முடிவில் ஒரு பில்லியனுக்கு ஒன்று அல்லது அதிலும் குறைவாக எஞ்சும். உண்மையில் ஓய்வில் இருப்பது வட்டத்தை விட்டு விலகி ஜி0 நிலையிலுள்ள கலம்: பெரும்பாலான நரம்புக் கலங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஈரல் கலங்களோ தேவை வந்தால் மீண்டும் வட்டத்துக்குள் நுழையும்.

எண்ணிக்கையில் புள்ளி இழப்பவர்கள் ஏராளம். நிறமூர்த்தங்களை (டி.என்.ஏ. சுருண்ட இழைகளை) எண்ணும்போது மையப்பாத்துகளை (அரைநிறவுருக்கள் இணைந்திருக்கும் இடங்களை) எண்ணுங்கள், குழப்பமே வராது. எஸ் அவத்தை முடிந்ததும் டி.என்.ஏ. அளவு இரட்டிக்கும், ஆனால் நிறமூர்த்தம் 46தான், அவற்றின் இரட்டைப் படிகளான அரைநிறவுருக்கள்தான் 92. படிகள் பிரிந்து இரு முனைகளுக்கும் செல்லும் மேன்முகவவத்தையில் மையப்பாத்து பிளந்தவுடன் எண்ணிக்கை 92 ஆகும். பிறகு மகட்கலம் ஒவ்வொன்றுக்கும் 46.

வெங்காய வேர்முனைப் பரிசோதனை

வெங்காயத்தில் உடற்கல நிறமூர்த்தங்கள் 16. அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி வெங்காயத்தை வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் வரும். 1 முதல் 2 சென்ரிமீற்றர் நீளமுள்ள வேரைக் காலையில் வெட்டி, எதனோல் 3 பங்குக்கு அசற்றிக் அமிலம் 1 பங்கு கலந்த திரவத்தில் பதியவைக்க வேண்டும். பின்னர் 60 பாகை செல்சியசில் 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, கழுவி, அசற்றோகாமைன் ஏற்றி, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி அழுத்த வேண்டும்.

தவறும் இடங்கள் சில எப்போதும் ஒன்றுதான். வேரின் நுனியிலிருந்து முதல் 1 – 2 மில்லிமீற்றரைத்தான் எடுக்க வேண்டும், ஏனெனில் கலங்கள் பிரியும் பிரியிழையம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேல் எடுத்தால் நீண்டு வளர்ந்த கலங்களையே காண்பீர்கள், பிரிவு ஒன்றும் அகப்படாது. அமிலத்தில் வைக்கும் நேரத்தைக் குறைத்தால் கலங்களை ஒட்டவைத்திருக்கும் படை கரையாது. அப்போது எவ்வளவு அழுத்தினாலும் கலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகவே கிடக்கும். அழுத்தும்போது கண்ணாடியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கலங்கள் சுருண்டு கிழியும். நேர் கீழாக மட்டும் அழுத்துங்கள். பார்வைப் புலத்தில் பெரும்பாலானவை இடையவத்தையில் இருப்பதைக் கண்டு பரிசோதனை பிழைத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கலம் தன் நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் செலவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று.

சோதனைச் சாவடிகளும் பழுதும்

கலவட்டத்தில் மூன்று முக்கிய சோதனை நிலைகள் உண்டு. ஜி1 முடிவில் போதிய வளர்ச்சியும் சைகையும் உண்டா, டி.என்.ஏ. பழுதில்லையா என்று பார்க்கப்படும். ஜி2 முடிவில் படியெடுப்பு முழுமையா என்று பார்க்கப்படும். நிறமூர்த்தங்கள் கலத்தின் நடுவில் வரிசைப்படும் அனுவவத்தையில் ஒவ்வொரு நிறமூர்த்தமும், அவற்றை இழுக்கும் இரு முனைக் கதிர்நார்களாலும் பிடிக்கப்பட்டதா என்று பார்க்கப்படும். இந்த ஒழுங்கின் முக்கிய மூலக்கூறுகளைக் கண்டதற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. பழுதைக் கண்டால் வட்டத்தை நிறுத்தி, திருத்த முடியாவிட்டால் கலத்தை அழிக்கச் செய்யும் புரதம் பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இதன் பரம்பரையலகு (ஜீன்) பழுதடைந்திருக்கிறது.

இங்கே மாணவர் குழப்பும் ஒன்று உண்டு. பிரிவைத் தூண்டும் பரம்பரையலகில் இரு பிரதிகளில் ஒன்று மிகையாக இயங்கினாலே போதும். பிரிவை அடக்கும் பரம்பரையலகில் பொதுவாக இரண்டு பிரதிகளும் கெட வேண்டும். சிறுவர் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து 1971இல் அமெரிக்க ஆய்வாளர் நட்சன் இந்த இரட்டைப் பழுதுக் கருத்தை முன்வைத்தார். ஒரே விகாரத்தால், அதாவது டி.என்.ஏ.யில் நிலைத்த ஒரே மாற்றத்தால், முழுப் புற்றுநோய் வந்துவிடுவது அரிது. ஆண்டுக்கணக்கில் பழுதுகள் சேர வேண்டும், அதனால்தான் வயது ஏற ஏற நோய் கூடுகிறது. "தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வரும்" என்று பெண் பார்க்கும் பேச்சில்கூட ஒரு குடும்பத்தை ஒதுக்குவது கொடுமை. உடற்கலத்தில் உண்டான விகாரம் முட்டைக்கோ விந்துக்கோ போவதில்லை. பரம்பரையாக வரும் புற்றுநோய் மொத்தத்தில் 5 முதல் 10 வீதம்தான்.

வெற்றிலை வட்டாவில் தொடங்கும் தவறு

இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்று. சம்மாந்துறை வயலிலும் வாழைச்சேனைக் கரையிலும் வேலைக்கு நடுவே சப்பும் வாய்க்கு நாம் பழகிவிட்டோம். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலையும் பாக்கும்தான்" என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். இது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேராத பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்ட, பாக்கிலிருந்து டி.என்.ஏ.யைத் தாக்கும் வினைத்திறன் மிக்க ஒட்சிசன் பொருட்கள் உண்டாகின்றன. புண்பட்ட உட்கன்னம் ஆற வேண்டுமானால் கலங்கள் பிரிய வேண்டும். பழுதடைந்த டி.என்.ஏ.யுடன் ஒவ்வொரு நாளும் பிரிவு நடந்தால் அந்தப் பழுது மகட்கலங்களில் நிலைத்துவிடுகிறது. ஒரே கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்குவது இதிலும் மோசம்.

வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். துடைத்தாலும் போகாத வெண்படலம், செம்படலம், மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், வாய் முன்போல அகலத் திறக்காமை, காரம் பட்டால் எரிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். பார்வைப் பரிசோதனைக்குச் சில நிமிடம் போதும்.

பெண்கள் செய்யும் தவறு, குருதிப்போக்கு வந்தால்தான் கருப்பைக் கழுத்தைப் பரிசோதிப்பது. கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசின் ஈ6 புரதம் பி53ஐ அழிக்கிறது, ஈ7 புரதம் ஜி1 வாயிலைக் காக்கும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. இந்த மாற்றம் புற்றாக முற்றப் பொதுவாகப் பத்து ஆண்டும் அதற்கு மேலும் எடுக்கும். அந்த இடைவெளியில் பிடிக்கத்தான் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனை செய்கிறார்கள். வாகரையிலிருந்து பொத்துவில் வரை அந்தந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் நாள் கேட்கலாம். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் 2017 முதல் இரண்டு தடவையாக எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதக் கடிதத்தில் ஒப்பமிடத் தயங்க வேண்டாம்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற பயத்தால், கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் இழையப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. 1 சென்ரிமீற்றர் கட்டியில் ஏறத்தாழ ஒரு பில்லியன் கலங்கள் உண்டு: ஒரு கலம் 30 தடவை இரட்டித்தால் வரும் தொகை. இன்னும் 10 இரட்டிப்பில் அதுவே 1 கிலோ. கைக்கு அகப்படும் நாளில் அது தன் பயணத்தின் பெரும்பகுதியைக் கடந்திருக்கிறது. பரிசோதனை ஊசியால் நோய் பரவுவது மிக அரிது. பற்றுப் போட்டுக் காத்திருக்கும் மாதங்களில் பரவுவதோ வழமை.

பட்டிப்பூவில் புற்றுநோய் மருந்து இருக்கிறது என்று கேள்விப்பட்டு இலையை அவித்துக் குடிப்பவர்களும் உண்டு. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்ரின் வருகிறது, உண்மை. அது கதிர்நார்கள் உருவாகாமல் தடுத்துக் கலத்தைப் பிரிவின் நடுவிலேயே நிறுத்துகிறது. ஆனால் அதை நாளத்தினூடாகத்தான் ஏற்றுவார்கள், பெரியவருக்கு ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அவித்த நீரில் எது எவ்வளவு இறங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது. நரம்பும் என்புமச்சையும் கெடக்கூடும்.

புற்றுநோய் மருந்து (கீமோ) ஏற்றிக்கொண்டவர்களின் வீட்டார் கவனிக்க வேண்டியது இது. இத்தகைய மருந்துகள் வேகமாகப் பிரியும் நல்ல கலங்களையும் தாக்குவதால் முடி உதிரும், வாய் புண்ணாகும். இவை மீளும். ஆபத்து வெண்குழியங்கள் குறைவதில்தான் இருக்கிறது, அது பெரும்பாலும் 7 முதல் 14ஆம் நாளுக்குள் அடிமட்டத்துக்கு வரும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியசை, அதாவது 100.4 பரனைற்றைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்காமல், சிகிச்சைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இரவிலேயே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். கல்முனையோ மட்டக்களப்போ, வாசலிலேயே "கீமோ ஏற்றியவர்" என்று சொல்லுங்கள்.