பாரிசவாதம் வந்த அம்மாவை எழுப்பி நடக்கவைக்கும் வேலை

அம்மாவுக்குப் பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) வந்து இடப்பக்கக் கையும் காலும் விழுந்தபோது, அதாவது இயங்காமல் போனபோது, பிசியோதெரபி என்றால் யாரோ வந்து கையைக் காலைப் பிடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கிளிநொச்சிக்குக் கிளினிக் போன முதல் நாளே பிசியோ மிஸ் சொல்லிவிட்டார்: "கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம்தான் நான். மிச்ச நேரம் நீங்கள்தான் பிசியோ."

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். பழுது தசையில் இல்லை, தசைக்குக் கட்டளை கொடுக்கும் மூளையில். அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் மூளையின் மிச்சப் பகுதி அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும். அதனால் வீட்டுக்கு வந்ததுமே தொடங்கிவிடுங்கள். கிளினிக்கில் காட்டுவதை போனில் வீடியோ எடுங்கள், பிறகு அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

என் பெரிய பிழையை முதலில் சொல்கிறேன். இடது கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். தசை பிடிமானம் இல்லாத தோள் அது, இழுத்தால் மூட்டு விலகும். இரண்டு கிழமை அம்மா தோள் நோவில் நித்திரை கொள்ளவில்லை. விழுந்த கையை ஒருபோதும் இழுக்காதீர்கள். படுக்கும்போதும் இருக்கும்போதும் அதற்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். தானாகப் புரளமுடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள், படுக்கைப் புண் வராது.

சரி, எழுப்புவது எப்படி? பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், சீமெந்து நிலத்தில் வழுக்கிவிடும். கைபிடி உள்ள பலகைக் கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள். ஆளைக் கதிரையின் நுனிக்கு நகர்த்தி, இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைக்கவேண்டும். நீங்கள் விழுந்த பக்கம் நின்று, ஒரு கையை இடுப்பில் கொடுத்து, அந்த முழங்கால் மடங்காதபடி உங்கள் முழங்காலால் அணை கொடுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை அவர் முன்னால் குனிந்தால்தான் எழும்பலாம். அம்மாவோ பயத்தில் பின்னுக்கே சாய்வார். எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் முன்னாலிருந்த ஸ்டூலில் அவருடைய வெற்றிலைத் தட்டத்தை வைத்தேன். அதை எட்டப்போய் உடம்பு தானாக முன்னுக்கு வந்தது! 5 தரம் எழும்பி இருந்து, களை ஆறி, இன்னொரு 5. காலை, மத்தியானம், பின்னேரம்.

கைக்கு ரப்பர் பந்து வாங்கி வந்தார்கள். ஆனால் அம்மாவின் விரல்கள் ஏற்கனவே மடங்கித்தான் கிடந்தன, பழகவேண்டியது விரிப்பது. மேசையில் துவாயை விரித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து முன்னுக்குத் தள்ளச் சொன்னார் மிஸ். நான் அதோடு கச்சானையும் சேர்த்தேன்: கோதை இடது கை அமத்திப் பிடிக்கும், வலது கை உடைக்கும்.

எண்ணெய் மெல்லப் பூசலாம், ஆளுக்கு இதமாக இருக்கும். ஒத்தடம் கவனம். உணர்ச்சி குறைந்த பக்கம் வெந்தாலும் தெரியாது.

தடியை நல்ல கையில் பிடிக்கவேண்டும். தம்பி ஆசையாக வெட்டிவந்த முதிரைத்தடி நெஞ்சு உயரம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவே சரி, அப்படியே அரிந்து நுனிக்கு ரப்பர் போட்டோம். முதலில் தடி, அடுத்து விழுந்த கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில்.

புதிதாக வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே 1990 என்ற இலக்கத்துக்கு (இலங்கையில்) போன் அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இப்போது 7ஆம் மாதம். தடியோடு கிணற்றடி வரை போய்வருகிறார். சின்னவிரல் மட்டும் இன்னும் விரியவில்லை. உடைக்கும் கச்சானைப் பேரப்பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை, நான்தான் நாளுக்கு நாள் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.