பத்திரிகைக்குக் கதை அனுப்பும் முன்

எழுதி முடித்த கையோடு அனுப்பாதீர்கள். ஒரு வாரம் ஆறப்போட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். உரையாடல் செயற்கையாக இருந்தால் நாக்கு இடறும். அந்த இடத்தில் கோடு போடுங்கள். முதல் பத்தியை மறைத்துவிட்டுப் பாருங்கள். கதை தானாக நின்றால் அந்தப் பத்தி வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது எழுத்துருவில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியே அனுப்புங்கள். மாற்றிய பிறகு ஔகாரத்தைச் சரிபாருங்கள்: 'கௌரி' என்பது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்திருக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் தேடினால் சிக்காது.

வேர்ட் கோப்பாக இணையுங்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறும். அதைத் திருத்த ஆசிரியர் குழுவுக்கு நேரமிருக்காது. முதல் பக்கத்தில் புனைபெயர், இயற்பெயர், முகவரி, தொலைபேசி எண், சொற்களின் எண்ணிக்கை, 'சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளியாகவில்லை' என்ற உறுதிமொழி. முகநூலில் போட்ட கதையும் பல இதழ்களின் கணக்கில் வெளியான கதைதான்.

நிராகரிப்புக் கடிதத்தை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் மௌனம்தான் பதில். அனுப்பிய தேதியை நோட்டில் குறித்து, இதழ் கால அளவு சொல்லாவிட்டால் மூன்று மாதம் பொறுங்கள். பிறகு 'கதையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.