சுடுதளத்தில் பிஸ்டல் சிக்கிக்கொண்டால்

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? திருப்பிப் பார்க்காதீர்கள், ஆபத்து. குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரலை எடுத்துவிட்டு 30 விநாடி காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். அப்புறம் மேகசினை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் பெட்டியை, கழற்றி, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்தால் தோட்டா வெளியே விழுந்துவிடும்.

சுட்ட தோட்டாவின் காலி உறை ஸ்லைடில் மாட்டிச் செங்குத்தாக நிற்கிறதா? புதியவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுத் தளர்வுதான் காரணம், பாவம் துப்பாக்கியைத் திட்டுவார்கள். குறிப்பிட்ட ஒரு மேகசினில் மட்டும் சிக்கினால் அதன் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். மேகசின்களில் எண் எழுதி வைத்தால் கண்டுபிடிப்பது சுலபம்.

‘புஸ்’ என்று சத்தமும் உதைப்பும் குறைந்தால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முந்தையது குழலுக்குள்ளேயே நிற்கலாம்; அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடக்கூடும். தோட்டாக்களை நீக்கிவிட்டுப் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.