லாரி சத்தம் கேட்காத ஒரு நாள்: கிராவல் பைக்கில் ஆற்றோரமும் காடும்

மண்ணிலும் சரளையிலும் போகிற மாதிரி அகல டயர் போட்ட சைக்கிள்தான் கிராவல் பைக். அதை வாங்கினவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்த டயர், எத்தனை கியர் என்றுதான். அதையும் சொல்கிறேன், ஆனால் பின்னால். ஆற்றோரமும் காடும் பழைய ஊர்களுமாக, கார் லாரி எதுவும் குறுக்கே வராத ஒரு நாள் நன்றாக அமைவதும் சொதப்புவதும் முந்தின ராத்திரி மேப்போடு உட்காருகிற ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. அப்போது ஒவ்வொரு பாதையையும் பார்த்து நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: இதை யாருக்காகப் போட்டார்கள்?

ரயிலுக்காகப் போட்டது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஏற்றத்தில் வழுக்கும், அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மலையைக் குடைந்தார்கள், பள்ளத்தை மண் கொட்டி நிரப்பினார்கள், வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள், ஏற்றத்தை மட்டும் பெரும்பாலும் இரண்டு சதவீதத்துக்குள்ளேயே, அதாவது நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்குள்ளேயே, வைத்துக்கொண்டார்கள். ரயில் நின்று தண்டவாளத்தையும் பெயர்த்த பிறகு மிச்சம் கிடப்பது நமக்கென்றே போட்ட மாதிரி ஒரு பாதை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாந்து வரை போகிற கிரேட் அலெகெனி பாசேஜ் அப்படிப்பட்டது. சுமார் 240 கிலோமீட்டர், ஒரு மலைத்தொடரையே தாண்டுகிறது, கம்பர்லாந்து பக்கமிருந்து ஏறுவதுதான் அதில் கடினமான பகுதி, அங்கேயும் ஏற்றம் 2 சதவீதத்தைத் தொடாது. நடுவில் பிக் சாவேஜ் என்று சுமார் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறது, குளிர்காலத்தில் அதன் கதவைச் சாத்திவிடுவார்கள். பழைய ரயில் பாதையில் போகிறவர்கள் பகலிலும் விளக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது இந்த மாதிரி சுரங்கங்களால்தான். வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழைந்தால் முதல் சில நொடிகள் முன்சக்கரமே தெரியாது.

அதைவிட எனக்குப் பிடித்தது கால்வாய்க் கரை. படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு குதிரை நடந்த வழி அது. தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும், ஆகவே கரையும் மட்டம். படகை ஏற்றி இறக்குகிற பூட்டு மதகுக்குப் பக்கத்தில் மட்டும் நாலு மிதி மிதிக்கிற அளவுக்கு ஒரு சின்ன ஏற்றம் வரும். அதே கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை பொட்டோமாக் ஆற்றை ஒட்டியே வருகிற கால்வாயில் 74 பூட்டு மதகுகள், நீளம் சுமார் 297 கிலோமீட்டர், அவ்வளவு தூரத்துக்கும் மொத்த உயர வித்தியாசம் 184 மீட்டர்தான். பிரான்சில் 1681-ல் திறந்த கனால் து மிதி என்கிற கால்வாய் இன்னும் பழசு, கரையில் பல இடங்களில் நிழல் மரங்கள். ஆனால் மட்டமான பாதை என்றால் வழவழப்பான பாதை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மரங்களின் வேர் பல இடங்களில் பாதையைத் தூக்கிவிட்டிருக்கிறது, மெல்லிய டயரில் போனால் சாயங்காலம் மணிக்கட்டு பேசும்.

காட்டு ரோடு வேறு கதை. அதைப் போட்டது மரம் ஏற்றுகிற லாரிக்காக. லாரிக்கு எட்டு சதவீதம், பத்து சதவீதம் ஏற்றமெல்லாம் பொருட்டே இல்லை, அதோடு அந்த ரோடு எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியமும் இல்லை. மரம் வெட்டுகிற இடம் வந்தால் முடிந்துவிடும். ஒருமுறை மேப்பில் அடுத்த பள்ளத்தாக்கை எட்டிப்பிடிக்கிற மாதிரி தெரிந்த ஒரு காட்டு ரோட்டை நம்பி நாற்பது நிமிஷம் மூச்சு வாங்க ஏறினேன், உச்சியில் இருந்தது லாரி திருப்புகிற வெற்றிடமும் அடுக்கிவைத்த கட்டைகளும். அந்தப் பக்கத்து ரோடு மரங்களுக்கு நடுவே முந்நூறு மீட்டர் கீழே தெரிந்தது. சைக்கிளைத் தோளில் போட்டு இறங்கலாம் என்று இருபது அடி போய்விட்டு, புத்தி வந்து திரும்பிவிட்டேன். அதிலிருந்து காட்டு ரோடு என்றால் இரண்டு முனையும் வேறொரு ரோட்டில் முட்டுகிறதா என்று சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்க்காமல் கிளம்புவதில்லை. படைகளுக்காகப் போட்ட பழைய ரோமானிய ரோடுகளிலும் கவனம் வேண்டும், குன்று எதிரே வந்தாலும் பல இடங்களில் நேராக அதன் மேலேயே ஏறும்.

மேப் என்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப், ஆர்வலர்கள் சேர்ந்து வரைகிற இலவச இணைய மேப். அதில் மண் பாதைகளுக்கு கிரேடு 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள், 1 கெட்டியானது, 5 கிட்டத்தட்ட வெறும் புல்லும் மண்ணும். மூன்று வரை சந்தோஷமாகப் போகலாம், நாலு என்றால் மழை பெய்து இரண்டு நாளாவது காய்ந்திருக்க வேண்டும், ஐந்தில் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள். தார் ரோட்டில் மணிக்கு 25 போகிறவர் இங்கே 16, 17-தான் போவார். நேரத்தை அப்படிக் கணக்குப் போடுங்கள்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் எல்லாம் சமதளம் என்று நம்புவது எல்லாரும் செய்கிற தப்பு. பெரிய ஆறு சமதளம்தான், அதில் வந்து சேருகிற ஒவ்வொரு ஓடையும் பாதையை வெட்டுகிறது, ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு இறக்கம் ஒரு ஏற்றம். சாயங்காலம் காலில் தெரிகிற வலி இந்தக் குட்டி ஏற்றங்கள் சேர்ந்து கொடுத்தது. மேப்பில் நீலக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். அப்புறம், போய்த் திரும்புகிற பயணமானால் முதலில் ஆற்றுக்கு எதிராக மேலே போங்கள், களைத்துத் திரும்பும்போது சரிவு கூட வரும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: மலைப் பள்ளத்தாக்குகளில் வெயில் ஏற ஏறக் காற்று கீழிருந்து மேலே வீசும், ராத்திரியில்தான் திசை மாறும். ஆக, மத்தியானம் மூன்று மணிக்குச் சரிவில் இறங்கும்போதும் காற்று முகத்தில் அடிக்கும். விடிந்ததும் கிளம்பி, காற்று வலுப்பதற்குள் திரும்பிவிடுவதுதான் வழி.

சரி, டயர். 40 முதல் 45 மில்லிமீட்டர், நடுவில் வழுவழுப்பு, ஓரத்தில் குட்டிக் குமிழ், முடிந்தால் டியூப்லெஸ். வேறெதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். காற்றில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள், தார் ரோட்டுப் பழக்கத்தில் கல்லு மாதிரி ஏற்றிவிட்டு ரோடு உலுக்குகிறது என்று புலம்புவார்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் 40 டயரில், டியூப்லெஸ் என்றால், முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐ வைத்து ஆரம்பிக்கலாம். அரை கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கல்லில் ஏறும்போது ரிம்மில் டக் என்று இடித்தால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டுங்கள், கை மரத்தால் இரண்டு குறையுங்கள். ஓட்டையை அடைப்பதற்காக டியூப்லெஸ் டயருக்குள்ளே ஊற்றுகிற பால் (சீலன்ட்) சில மாதத்தில் காய்ந்து ரப்பர் சவ்வாகிவிடும், வெளியூர் போகும் முன் டயரைக் குலுக்கிச் சளக் சளக் சத்தம் வருகிறதா கேளுங்கள். வராவிட்டால் உங்களிடம் இருப்பது வெறும் டியூப் இல்லாத டயர். பையில் ஒரு டியூப், பம்ப், ஓட்டையில் செருகுகிற ரப்பர் திரி, செயின் இணைப்பு ஒன்று, அப்புறம் பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர். இந்தக் கடைசி ஐட்டம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வேறு, ஆகவே வழியில் யாரிடமும் கடன் வாங்க முடியாது.

ஓட்டும்போது, சரளை இறக்கத்தில் கையை ஹேண்டில்பாரின் வளைந்து தாழ்ந்த பிடிக்குக் கொண்டுபோய் இரண்டு விரலை பிரேக்கில் வையுங்கள், இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிந்துவிட வேண்டும், வளைவுக்குள்ளே முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் கீழிருந்து நழுவிவிடும். கண் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும், முன்சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் பார்க்கிற கல்லில்தான் போய் ஏறுவீர்கள். ஈர வேரைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் சோப்பு மாதிரி. மணல் வந்தால் கியரைக் குறைத்து மிதித்துக்கொண்டே இருங்கள், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துத் திருப்பப் பார்த்தால் விழுவீர்கள், அது தானாக அலையட்டும். ஓடை குறுக்கே ஓடினால் இறங்கி நடந்து ஆழம் பாருங்கள், கலங்கிய தண்ணீரில் அடி தெரியாது.

இந்தப் பாதைகளில் கார் இல்லை, ஆனால் ஆட்கள் உண்டு, நடப்பவர்கள், குழந்தைகள், சில இடங்களில் குதிரைக்காரர்கள். குதிரைக்குப் பின்னால் மணி அடிக்காதீர்கள், தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள், மனிதக் குரல் என்றால் அது பெரும்பாலும் மிரளாது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே பாதை போனால் படல் கதவு வரும். சாத்தியிருந்தால் கடந்து போய்ச் சாத்திவிடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், அந்தப் பக்கம்தான் மாடுகள் தண்ணீருக்குப் போகிற வழியாக இருக்கும்.