ஈரோட்டிலிருந்து போத்தனூர் வரை: ஒரு நாள் ரயில் படம் எடுப்பது எப்படி?

ரயிலைப் படமெடுக்கக் கிளம்பும் புதியவர்கள் இன்ஜின் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் சிக்னலைப் பாருங்கள். ரயில் எந்த லைனில் வரும், நிற்குமா நிற்காதா என்பதை அதுதான் முன்கூட்டியே சொல்லும். கொங்கு நாட்டில் இதைப் பழக ஈரோடு–கோவை மெயின் லைனை விட வசதியான இடம் இல்லை.

டிக்கெட்டும் சட்டமும்

பிளாட்பாரம் டிக்கெட் 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதனால் அடுத்தடுத்து இறங்கும் ஊருக்குத் தனித்தனியாக முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்துப் பாசஞ்சரில் போங்கள். ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கும் செயலி ஒன்று போனில் இருக்கட்டும்.

அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்குவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. செல்ஃபி ஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டின் கண் கூசும். கேமராவை எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம், "ரெண்டு போட்டோ எடுத்துக்கலாங்களா சார்?" என்று கேட்டுவிடுங்கள். ரயில்வே போலீஸ் வேண்டாம் என்றால் வாதம் பண்ணாமல் கேமராவை உள்ளே வைப்பதுதான் நல்லது.

ஈரோட்டில் இன்ஜின் பழகுங்கள்

சேலம், கோவை, கரூர் என மூன்று பக்கமும் பாதை பிரியும் ஜங்ஷன் இது. இன்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டும் இங்கேயே இருப்பதால் இன்ஜின்களுக்குப் பஞ்சமில்லை. ஷெட்டுக்குள் போக முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை, எல்லாம் பிளாட்பாரத்துக்கே வந்துவிடும்.

இன்ஜின் மேலுள்ள எழுத்துகளைப் படிப்பது எளிது. டபிள்யூ என்றால் அகலப் பாதை. ஏ என்றால் ஏசி எனும் மாறுதிசை மின்சாரம், டி என்றால் டீசல். பி பயணிகள் ரயிலுக்கு, ஜி சரக்குக்கு. ஆக டபிள்யூ.ஏ.பி.7 என்பது பயணிகள் ரயிலை இழுக்கும் மின்சார இன்ஜின், 6,000 குதிரைத்திறனுக்கு மேல். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டையோடு வருவது பெரும்பாலும் இதுதான். எண்ணும் ஷெட் பெயரும் பக்கவாட்டில் இருக்கும். படத்தில் எண் தெளிவாக விழ வேண்டும், பின்னால் பட்டியல் போட அதுதான் உதவும்.

இனி சிக்னல்

பழைய கைகாட்டி மரங்களைத் தேடாதீர்கள், இந்தப் பாதையில் இப்போது விளக்குகள்தான். சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலை வேகம் குறைத்துத் தாண்டத் தயாராக இரு. பச்சை என்றால் தாராளமாகப் போ. ஸ்டேஷனுக்குள் விடுவது ஹோம் சிக்னல், வெளியே அனுப்புவது ஸ்டார்ட்டர். பொதுவாகத் தன் லைனுக்கு இடப்பக்கம் நிற்கும்.

மெயின் லைன் ஸ்டார்ட்டர் பச்சைக்கு மாறியிருக்கிறது, பிளாட்பாரத்தில் ரயில் எதுவும் இல்லை என்றால், நிற்காமல் போகிற ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நின்று கேமராவைத் தயார் செய்யுங்கள். ஹோம் சிக்னலுக்கு மேல் சாய்வாக வெள்ளை விளக்கு வரிசை எரிந்தால் ரயில் பக்க லைனுக்குத் திரும்பப் போகிறது. வளைந்து வரும் இன்ஜினையும் பின்னால் நெளியும் பெட்டிகளையும் ஒரே படத்தில் பிடிக்க அதுதான் நேரம்.

பச்சை விளக்கும் இன்ஜினும் சேர்ந்து விழ வேண்டுமா? இன்ஜின் சிக்னலைத் தாண்டியதும் அது சிவப்பாகிவிடும். அதனால் தாண்டுவதற்கு முன்பே அழுத்த வேண்டும். வெளிச்சம் அதிகமானால் பச்சையும் மஞ்சளும் வெளிறி வெள்ளையாக விழும். எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை) ஒரு படி குறையுங்கள், போனில் என்றால் விளக்கின் மேல் தொட்டு லாக் செய்யுங்கள். ஷட்டர் வேகம் ஓடும் ரயிலுக்கு 1/1000 நொடி, மெதுவாக வருவதற்கு 1/250 நொடி போதும்.

வெயில் எந்தப் பக்கம்?

இந்தப் பாதை கிழக்கு–மேற்காகச் சாய்ந்து போகிறது. காலையில் கோவையிலிருந்து ஈரோடு நோக்கி வரும் ரயிலின் முகத்தில் வெயில் விழும். மாலையில் நேர்மாறாக, கோவை போகிற ரயில்தான் பளிச்சென்று இருக்கும். நடுப்பகலில் இன்ஜினின் நெற்றி மட்டும் மின்னும், கீழெல்லாம் கருப்பு. அந்நேரம் ஊத்துக்குளியில் இறங்கி வெண்ணெய் வாங்கலாம், தப்பில்லை. ஆடி மாதம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும், மெல்லிய ஸ்டாண்டை நம்பாதீர்கள்.

மாலைக்கு இருகூர். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கோவை ஜங்ஷன் வழியாக, இன்னொன்று கோவை ஜங்ஷனைத் தொடாமல் நேரே போத்தனூருக்கு. எந்த ரயில் எந்தப் பக்கம் போகும் என்று சிக்னலைப் பார்த்தே சொல்லிப் பழகுங்கள். முடிவில் போத்தனூர். சென்னையிலிருந்து வந்த பாதை 1862-லேயே இந்த ஊரைத் தொட்டுவிட்டது. கோவை நகரத்துக்குள் ரயில் வந்தது அதற்குப் பிறகுதான். ரயில்வேயின் சிக்னல் பட்டறை இருப்பதும் இந்த ஊரில்தான்.

மேட்டுப்பாளையம் நீராவி இன்ஜினை இதே நாளில் திணிக்காதீர்கள். ஊட்டி மலை ரயில் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடும். குன்னூர் ஏறும் வரை இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். புகையோடு படம் வேண்டுமென்றால் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டி பக்கமாக நில்லுங்கள்.